போரில் எரிந்த மத்தாப்பு

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த தேர்வாய் கண்டிகை. முன்னாளில் ஏரியும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த சிற்றூர் அது. இன்று அதன் பெயரைத் தொழிற்பேட்டையின் பெயராகவும், 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறந்துவைக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் பெயராகவும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற நாள் முதல், உணவுக்குப் பின் சற்று நேரம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் உலாவி வருவது என் வழக்கம். அங்கிருந்து வடகிழக்குத் திசையில், பழவேற்காடு ஏரியின் மறுபக்கத்தில் இருக்கிறது ஸ்ரீஹரிக்கோட்டா.

அங்கே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் முதல் ராக்கெட்டு ஏவப்பட்டது. அன்று முதல் இன்று வரை பகலிலும் இரவிலும் எத்தனையோ ஏவல்கள் நடந்துவிட்டன. 2019 ஜனவரி 24, 2024 டிசம்பர் 30 போன்ற நாள்களில் இரவு நேரத்திலேயே ராக்கெட்டுகள் புறப்பட்டன. இரவில் ஏவும்போது எங்கள் வட்டத்து மக்கள் வீட்டு மாடிகளிலும் ஏரிக்கரைகளிலும் கூடிவிடுவார்கள். முதலில் அடிவானம் செம்பொன் நிறம் பெறும். பிறகு ஒரு தழற்குழம்பு மெல்ல எழும். ஒளி உடனே வந்துவிடும். ஓசை வந்தால் அது இரண்டு நிமிடம் போலக் கழித்தே வரும். ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள வேக வேறுபாட்டை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் ஆய்வுக்கூடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அத்தகைய ஓர் இரவில், அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் என் அருகில் நின்றிருந்தான். ஏழாம் வகுப்புப் படிப்பவன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் ஏதோ யோசித்துவிட்டுக் கேட்டான்: "சார், அந்த வெளிச்சத்தாலே நாம அங்கே இருக்கிறதைப் பார்க்கலாம். அங்கே இருக்கிறவங்களும் நம்மைப் பார்த்துடுவாங்களா, சார்?"

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி புதியதன்று. போர்க்களத்தில் இரவைக் கண்ட ஒவ்வொரு படைவீரனும் தன் உள்ளத்தில் கேட்டுக்கொண்ட கேள்வி அது. இரவில் எதிரியைக் காண வாணம் விட்டு ஒளியூட்டிய வரலாறு முழுவதுமே அந்த ஒரு கேள்விக்கு மனிதர் தேடிய விடைதான். இன்று அந்த வரலாற்றைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஓர் இருண்ட தோப்பின் ஓரத்தில் நிற்கிறீர்கள். உள்ளே யாரோ இருக்கிறார்கள். எத்தனை பேர், எங்கே என்று தெரியவில்லை. கையில் ஒரு தீவட்டியை ஏற்றுகிறீர்கள். என்ன நடக்கும்? தீவட்டியின் ஒளியில் உங்கள் முகமும், உங்கள் காலடியில் பத்து முழ நிலமும் தெரியும். தோப்புக்குள் இருப்பவன் தெரியமாட்டான். அவனுக்கோ நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். ஆகவே இரவுப் போரில் விளக்கைத் தன் கையில் வைத்திருப்பது பேதைமை. விளக்கு எதிரியின் அருகில் எரிய வேண்டும். தான் இருளில் நிற்க வேண்டும். கைக்கு எட்டாத இடத்தில் விளக்கை ஏற்றுவது எப்படி? இதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலின் முதற் காட்சிகளுள் ஒன்றைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை, கும்மிடிப்பூண்டியிலேயே தொடங்கலாம்.

1780ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மைசூர் மன்னர் ஹைதர் அலி பெரும் படையுடன் கருநாடகச் சமவெளிக்குள் இறங்கினார். சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினியார் கலங்கி, குண்டூர்ப் பகுதியில் இருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையைத் தெற்கே வரும்படி அழைத்தனர். பெய்லி ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்தில் கும்மிடிப்பூண்டி வழியாக வந்து, நாம் கொசத்தலையாறு என்று சொல்லும் கொற்றலையாற்றின் வடகரையில் பாளையமிறங்கினார். அன்று மாலை ஆறு ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. மறுநாள் காலையில் கடக்கலாம் என்று இருந்துவிட்டார். அன்றிரவே ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாக அவர் அக்கரையிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்குள் ஹைதரின் மகன் திப்பு அவரை வழிமறிக்கப் புறப்பட்டுவிட்டார்.

ஆற்றைக் கடந்தபின், செப்டம்பர் 6ஆம் நாள் பெரம்பாக்கத்தருகே திப்புவின் படை பெய்லியைத் தாக்கியது. காஞ்சிபுரத்தில் தளபதி ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு இருந்தார். பெய்லிக்குத் துணையாகக் கர்னல் பிளெச்சரின் கீழ் ஒரு பிரிவை அனுப்பினார். 9ஆம் நாள் இரவு, இருவரும் சேர்ந்து காஞ்சியை நோக்கி நடந்தனர். இருமருங்கிலும் மைசூர்க் குதிரைப்படையும் பீரங்கிகளும் வாணங்களும் அவர்களை அலைத்துக்கொண்டே வந்தன. காஞ்சிபுரம் ஒருநாள் நடைக்கும் குறைவான தொலைவில்தான் இருந்தது. ஆயினும், முன்னே என்ன இருக்கிறதென்று காணாமல் மேற்செல்ல மனமின்றி, பெய்லி நடுவழியில் படையை நிறுத்திவிட்டார். பொழுது விடியட்டும், பிறகு போவோம் என்று எண்ணினார்.

பொழுது விடிந்தது, பகல் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் பெய்லிக்கு மட்டுமா வந்தது? புள்ளலூர்க் களத்தில் அவருடைய படை எங்கே நிற்கிறது, வெடிமருந்து வண்டிகள் எங்கே இருக்கின்றன என்பதை அது எதிரிக்கும் காட்டிவிட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அவற்றைத் தீண்டியது பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. வாணம் என்பாரும் உண்டு. பிளெச்சர் மாண்டார். பெய்லி சிறைப்பட்டு, 1782ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளுள் இதுவே பெரிது. அந்த இரவில் நின்றதுதான் பெரும் பிழை என்று பின்னாளில் பலரும் எழுதினர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், வெடிமருந்து வண்டி வெடிக்கும் அந்தக் காட்சியை இன்றும் ஓவியமாகக் காணலாம்.

இங்கே உங்களிடம் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் நான் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். "1780 – பொள்ளிலூர்ப் போர்" என்று கரும்பலகையில் எழுதுவேன், மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பொள்ளிலூர் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூர்தான் என்றோ, அந்தப் படை நம் கும்மிடிப்பூண்டியைக் கடந்து, நம் ஆற்றங்கரையில் வெள்ளம் வடியக் காத்திருந்தது என்றோ நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதே நாளில் அடுத்த பாடவேளையில், ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையும் என்று விஞ்ஞானமும் கற்பிப்பேன். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன என்பதை நான் அறியவில்லை. அதை எனக்கு உணர்த்தியவன் ஓர் ஏழாம் வகுப்புச் சிறுவன்.

நிற்க, மைசூர் வாணங்களைச் சற்றுப் பார்ப்போம். வாணம் என்ற சொல்லே பாணம், அதாவது அம்பு என்பதிலிருந்து வந்தது. தீபாவளியில் நீங்கள் விடும் வாணத்துக்குக் காகிதக் குழல். மைசூர்ப் படையின் வாணத்துக்கோ இரும்புக் குழல். ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள அக்குழலில் வெடிமருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிற் கழியோடு பிணைத்து விடுவார்கள். காகிதமோ மூங்கிலோ தாங்கமாட்டாத அழுத்தத்தை இரும்பு தாங்கும். உள்ளே அழுத்தம் மிக மிக, வாயு பின்னோக்கி வெளியேறும் வேகம் மிகும். வாணம் முன்னோக்கிப் பாயும் வேகமும் மிகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் அது செல்லும். திப்புவின் காலத்தில் வாணம் விடுவோர் மட்டும் ஏறத்தாழ 5000 பேர் இருந்தனர் என்பர். கருநாடக மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊரிலுள்ள ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது, 2018ஆம் ஆண்டில், இத்தகைய இரும்புக் குழல்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

இந்த வாணங்கள் தாக்குவதற்கு. இருளை நீக்குவதற்கு வேறொன்று வேண்டும். அதனை மைசூர்ப் படை கையாண்டதை 1799ஆம் ஆண்டு நடந்த கடைசி மைசூர்ப் போரில் காண்கிறோம்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, சுல்தான்பேட்டை என்ற ஊரின் தோப்பைக் கைப்பற்றும்படி கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லிக்கு ஆணை கிடைத்தது. இவரே பின்னாளில் வாட்டர்லூக் களத்தில் நெப்போலியனை வென்று, வெல்லிங்டன் பிரபு என்று புகழ் பெற்றவர். அது அமாவாசையை ஒட்டிய இரவு. தோப்பினுள் வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. உள்ளே நுழைந்த படை வழி தவறிச் சிதறியது. துப்பாக்கியும் வாணமும் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. வெல்லெஸ்லிக்கு முழங்காலில் அடிபட்டது. அவருடைய வீரர் பன்னிருவர் பிடிபட்டனர். அவர் தோல்வியோடு திரும்பினார். மறுநாள் பகலில் அதே தோப்பை அவர் எளிதில் கைப்பற்றினார். பகலில் கண்ணால் கண்டு ஆராயாத இடத்தை இரவில் தாக்குவதில்லை என்று அவர் அன்று முடிவு செய்துகொண்டார்.

அந்தப் போரின் இரவுகளைக் குறித்து ஆங்கில அதிகாரி ஒருவர் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். மைசூர்ப் படையினர் முதலில் நீலநிற விளக்கு ஒன்றை எரியவிடுவார்களாம். அந்த ஒளி படர்ந்தவுடன் வாணங்கள் மழையாகப் பொழியுமாம். ஒளி ஒரு கணம், அடி மறுகணம். இதன் பொருள் என்ன? விளக்கு எரிந்தபோது ஆங்கிலப் படையின் வரிசை தெரிந்தது. தெரிந்த இடத்தை நோக்கி வாணம் பாய்ந்தது. இலக்கைக் காட்ட ஒளி, அதைத் தாக்க வாணம் என்று இரண்டையும் இணைத்துக் கையாண்டனர். இரவுப்போரின் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிட்டது.

அந்த நீல விளக்கு யாது? வெடியுப்பும் கந்தகமும், அவற்றோடு அஞ்சனக்கல் அல்லது அரிதாரமும் சேர்த்து இடித்துக் கெட்டித்தால் நீலம் கலந்த வெண்ணிற ஒளியோடு எரியும். அக்காலத்தில் இவ்வகை விளக்குகளுக்கு உலகெங்கும் வழங்கிய கலவை இதுவே. மேனாட்டார் இதனை 'வங்காள விளக்கு' என்றும் சொல்வர். நம் ஊரில் இதற்கு வழங்கும் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: மத்தாப்பு. இச்சொல் தமிழுக்கு உருதுமொழி வழியாக வந்தது. மூலச்சொல் பாரசீகத்து 'மஹ்தாப்'. அதற்கு நிலவொளி என்பது பொருள். இருளில் தற்காலிகமாக ஒரு நிலாவை உண்டாக்குவது என்ற கருத்தில் எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறார்கள்! தீபாவளியில் சிறு குழந்தைக்கு அச்சமின்றிக் கொடுக்கும் பொருளின் பெயருக்குள் ஒரு நிலவு ஒளிந்திருக்கிறது. அதன் பழைய வரலாற்றுக்குள் ஒரு போர்க்களமும் ஒளிந்திருக்கிறது.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். கோட்டையில் கிடைத்த வாணங்களுட் சில, அன்று இலண்டனுக்கு அருகிலிருந்த வூலிச் படைக்கலச் சாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804ஆம் ஆண்டளவில் தம் சோதனைகளைத் தொடங்கினார். குழலின் அளவையும் மருந்தின் கலவையையும் மாற்றி மாற்றி அளந்து எழுதினார். 1806இல் பிரான்சு நாட்டுப் புலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் மீதும் அவருடைய வாணங்கள் பாய்ந்தன. கோபன்ஹேகனில் படைவீரர் மட்டுமா மாண்டனர்? குடிமக்கள் பலரும் மாண்டனர்; நகரின் ஒரு பகுதி வெந்து சாம்பலாயிற்று. மைசூரில் பிறந்த ஒரு கலை எங்கோ ஒரு வடநாட்டு நகரத்துக் குழந்தைகளை எரித்தது. அறிவுக்கு எல்லை இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். அழிவுக்கும் எல்லை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒளியூட்டும் வாணத்தில் காங்கிரீவ் ஒரு புதுமை செய்தார். வாணம் ஒன்றை வானில் மிக உயரத்துக்கு அனுப்பி, அங்கே அதன் தலையிலிருந்து ஓர் ஒளியுருண்டை வெளிப்படும்படி அமைத்தார். அவ்வுருண்டையை ஒரு சிறு வான்குடையில் தொங்கவிட்டார். குடை காற்றில் விரிந்து மெல்ல மெல்ல இறங்கும். அதுவரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 1850ஆம் ஆண்டளவில் எட்வர்ட் பாக்சர் என்ற ஆங்கிலப் பீரங்கி அதிகாரி, இத்தகைய குடைவிளக்கைக் குறும்பீரங்கியிலிருந்தே எறியும்படி செய்தார். சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றியது: விளக்கு எதிரியின் தலைக்கு மேலே, ஏவியவன் இருளுக்குள்ளே.

இங்கே சற்றுக் கணக்குப் போடுவோம். அஞ்ச வேண்டாம், மனக்கணக்குத்தான். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒளியை ஒரு லக்ஸ் என்று கொள்கிறோம். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் ஒளி பாதியாகாது. இரண்டின் வர்க்கம் நான்கு, ஆகவே கால் லக்ஸ் ஆகிவிடும். முழுநிலவு நமக்குத் தரும் ஒளியும் ஏறத்தாழ அதே கால் லக்ஸ்தான். அப்படியென்றால், இரண்டு மீட்டர் தொலைவில் வைத்த ஒரு மெழுகுவர்த்தி உங்கள் புத்தகத்துக்கு ஒரு பூரணச் சந்திரன்! இனி, அந்த விளக்கை 500 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவோம். தரையில் நிலவளவு ஒளி வேண்டுமானால் எத்தனை மெழுகுவர்த்திகள் வேண்டும்? 500இன் வர்க்கம் 2,50,000. அதில் காற்பங்கு 62,500. ஒரு நிலாவைச் செய்ய அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு மெழுகுவர்த்திகள்!

பழைய மத்தாப்புக் கலவையால் இவ்வளவு ஒளி தர இயலவில்லை. 1808இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த மக்னீசியம் என்னும் உலோகம்தான் பின்னாளில் இக்குறையைத் தீர்த்தது. ஆய்வுக்கூடத்தில் மக்னீசிய நாடாவை எரித்துக் கண் கூசியது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளின் மேல் இரவுதோறும் இத்தகைய விளக்குகள் மிதந்தன. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பீரங்கிகள் எறிந்த குடைவிளக்குகளில் பத்து லட்சம் மெழுகுவர்த்தி ஆற்றல் உள்ளவையும் உண்டு. இரண்டு நிமிடம் எரியும். 500 மீட்டர் உயரத்திலிருந்து அது தரும் ஒளியைக் கணக்கிட்டால் 4 லக்ஸ். அதாவது பதினாறு நிலவுகள்.

ஆனால் நண்பர்களே, பதினாறு நிலவுகளை ஏற்றியும் அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. வான்குடையைக் காற்று தள்ளும். எதிரியின் தலைக்கு மேலே ஏற்றிய விளக்கு நகர்ந்து வந்து ஏற்றியவனுடைய தலைக்கு மேலே நிற்கும். விளக்கு ஆடும்போது மரத்தின் நிழலும் ஆடும். ஆடும் நிழலை ஆளென்று எண்ணிச் சுடுவதும் உண்டு. விளக்கு அணைந்தபின், கூசிய கண்களுக்கு முன்பைவிட இருள் கடுமையாகத் தோன்றும். ஒளி கட்சி பார்ப்பதில்லை. அதன் வட்டத்துக்குள் வந்தவர் எவராயினும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சென்னை மாநகரமே ஒருமுறை அனுபவித்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். கரையில் கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. நண்பனுக்கு வழிகாட்ட ஏற்றிய விளக்கு அன்று பகைவனுக்கும் வழிகாட்டியது. எம்டன் தன் தேடுவிளக்கைக் கரையின்மீது பாய்ச்சிப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கலங்களைக் கண்டு, ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. எண்ணெய்க் கலங்கள் பற்றி எரிந்தன. அதன்பின் தேடுவிளக்குக்குத் தேவையே இல்லை, இலக்கே விளக்காகிவிட்டது! எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருளில் மறைந்தது. நகரம் அஞ்சி நடுங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு வெளியேறினர். கெட்டிக்காரனை "அவன் எம்டன்" என்று நாம் இன்றும் சொல்லுகிற வழக்கு அன்று பிறந்ததுதான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஒளி என்பதே போரில் ஆபத்தானது, காட்டிக்கொடுப்பது என்று மட்டும் நீங்கள் எண்ணிவிடலாகாது. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பழவேற்காட்டுக்கு அருகில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சில காலம் இருந்தேன். ஒரு கார்த்திகை மாதத்து மழையிரவில் கடலுக்குச் சென்ற கட்டுமரம் ஒன்று திரும்பி வரவில்லை. அதிலிருந்தவர்களுள் ஒருவர் என் வகுப்பு மாணவனின் தந்தை. ஊர்ப் பெண்கள் காய்ந்த பனையோலைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, கடலை நோக்கிய மணல்மேட்டில் கொளுத்தினார்கள். மழை அணைக்கும், மறுபடியும் கொளுத்துவார்கள். அந்த மாணவன் என் அருகே நின்று ஓலைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு அப்போது பட்டறிவு போதாது. படித்த செருக்கு வேறு. "இந்த நெருப்பில் கடலில் பத்தடிகூடத் தெரியவில்லையே, இதை எரித்து என்ன பயன்?" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஓலையை நெருப்பில் போட்டபடியே, "வாத்தியாரே, இது நாம பாக்குறதுக்கு இல்ல. அவங்க நம்மளப் பாக்குறதுக்கு" என்றார்.

விடியற்காலையில் கட்டுமரம் கரை சேர்ந்தது. அலையின் முகட்டில் ஏறும்போதெல்லாம் நெருப்புத் தெரிந்தது என்றும், அந்தப் பக்கமே துடுப்புப் போட்டு வந்தோம் என்றும் அவர்கள் சொன்னார்கள். என் மாணவன் அன்று பள்ளிக்கு வரவில்லை. நான் அவன் பெயருக்கு நேரே வருகை என்று குறித்துக்கொண்டேன். பணிக்காலம் முழுவதிலும் நான் செய்த தவறான பதிவு அது ஒன்றுதான். அதற்காக வருந்தியதும் இல்லை.

அந்த மூதாட்டி சொன்ன சொல்லைத்தான் இன்று உலகக் கடற்சட்டம் விதியாக வைத்திருக்கிறது. பெருங்கப்பல்களில் ஆபத்துக் காலத்துக்கென்று குடைவாணங்கள் வைத்திருக்க வேண்டும். கையால் ஏவக்கூடிய அந்த வாணம் 300 மீட்டருக்குக் குறையாத உயரம் ஏறி, அங்கே செந்நிற விளக்கு ஒன்றை வான்குடையில் விட வேண்டும். அது 40 விநாடிக்குக் குறையாமல், 30,000 மெழுகுவர்த்திக்குக் குறையாத ஆற்றலோடு எரிய வேண்டும். விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் விரைந்து இறங்கவும் கூடாது. இந்த அமைப்பை உற்றுப் பாருங்கள். காங்கிரீவ் செய்த அதே வாணம், அதே வான்குடை, அதே விளக்கு. மைசூரின் இரும்புக் குழலும் நிலவொளி என்ற மத்தாப்பும் சேர்ந்து பெற்ற குழந்தை. ஆனால் நோக்கம் நேர் எதிராகிவிட்டது. போர்வாணம், "நீ எங்கே இருக்கிறாய்? நான் உன்னைக் காண வேண்டும், நீ என்னைக் காணலாகாது" என்று சொல்கிறது. ஆபத்து வாணமோ, "நான் இங்கே இருக்கிறேன், என்னைக் காணுங்கள்" என்று கூவுகிறது.

போர்க்களத்தில் ஒளியின் பெருங்குறையாக எது இருந்ததோ, ஏற்றியவனையே காட்டிக்கொடுக்கும் அந்தக் குணமே, கடலில் அதன் பெருமையாக ஆகிவிட்டது. குணம் ஒளியினுடையதன்று; கேட்பவன் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. இருளில் ஒருவனைக் கண்டு அவனை வீழ்த்த வேண்டுமா, கண்டு அவனைக் கரைசேர்க்க வேண்டுமா? கருவி இரண்டுக்கும் ஒன்றே.

இதைச் சொல்வதால், போர்க்கருவிகளை ஆராய்ந்த அறிஞர்களையும், கைவருந்தி அவற்றைச் செய்த தொழிலாளர்களையும் நான் இகழ்வதாக எண்ண வேண்டா. மைசூர்க் கொல்லர்களின் திறமை இல்லையேல் வாணக்கலையின் வரலாறு வேறாக இருந்திருக்கும். அப்துல் கலாம் அவர்கள் இளம் பொறியாளராக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குச் சென்றபோது, அங்கே சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் திப்புவின் படையினர் வாணம் விடும் காட்சியைக் கண்டு பெருமிதம் கொண்டதாகத் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் கூறுகிறார். நாம் மறந்ததை அயலார் நினைவில் வைத்திருந்தனர். அவரும் அவருடைய தோழர்களும் திரும்பி வந்து உழைத்ததன் பயனாக, 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எழுந்த ராக்கெட்டு, ரோகிணி என்ற செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இன்று அங்கிருந்து ஏறிய செயற்கைக்கோள்கள் புயலைக் கண்டு சொல்கின்றன; மீனவர்க்கு எச்சரிக்கை தருகின்றன. புள்ளலூரில் வண்டிகளைக் கொளுத்திய வாணத்தின் வழித்தோன்றல், பழவேற்காட்டுக் கட்டுமரத்தைக் காக்கும் காலம் வந்திருக்கிறது.

முடிவாக, மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். வரலாற்றுப் பாடத்தையும் விஞ்ஞானப் பாடத்தையும் தனித்தனிக் கட்டுகளாகக் கட்டி வைக்காதீர்கள். நான் செய்த தவறு அது. உங்கள் ஊர் ஆற்றின் பெயரையும், உங்கள் வீட்டு மத்தாப்பின் பெயரையும் கேள்வி கேளுங்கள். வருகிற தீபாவளியில் ஒரு மத்தாப்பைக் கொளுத்தும்போது, அந்த ஒளியில் உங்கள் முகம் மற்றவர்க்குத் தெரிகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தெரியட்டும். அறிவு என்னும் விளக்கை ஏற்றுகிறவன் தன் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருத்தல் ஆகாது.

அந்த ஏழாம் வகுப்புச் சிறுவனை மறுநாள் வழியில் கண்டேன். "நேற்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு விடை தெரிந்துவிட்டது" என்றேன். "என்ன சார்?" என்றான். "ஆமாம், அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள். அதனால்தான் நாம் நல்லவர்களாக இருக்க வேண்டும்" என்றேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, அறியேன். சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு, "அப்போ அடுத்த ராக்கெட்டுக்கு நான் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்றேன், சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.